அரியாங்குப்பத்துச் சிப்பாய்

படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவள் இரண்டு சுவர்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

இடப்பக்கச் சுவரில் ‘நாம்’.

வலப்பக்கச் சுவரில் ‘அவர்கள்’.

தெர்மாகோலில் அவளே வெட்டி, ஜிகினா ஒட்டிய எழுத்துகள். நாளைக்குப் புதுச்சேரி விடுதலை நாள். கண்காட்சிக்குள் கால் வைத்ததுமே பிள்ளைகளுக்கு நாட்டுப்பற்று வந்துவிட வேண்டும் என்பது சமூக அறிவியல் டீச்சரான அவளுடைய ஏற்பாடு. நாட்டுக்காகப் பாடுபட்டவர் யாராவது வீட்டில் இருந்தால் படம் கொண்டுவரச் சொல்லியிருந்தாள்.

இது ஏழாம் வகுப்பு செலின் கொண்டுவந்தது. செலினின் கொள்ளுத்தாத்தா அமலோற்பவம். சட்டையில் பதக்கம், தோளில் துப்பாக்கி, முறுக்கு மீசை. நாட்டுக்காக உயிரைக் கொடுத்தவர் என்று வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

பொய் இல்லை. கொடுத்தார்தான்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில், வியட்நாமில்.

‘நாம்’ சுவருக்குப் போனாள். கொடி பிடித்தவர்கள், அடி வாங்கியவர்கள், சிறைக்குப் போனவர்கள். இவர் அங்கே கடல் தாண்டிப் போய் யாரைச் சுட்டார்? அந்த ஊர்க்காரர்களும் விடுதலைதானே கேட்டார்கள்.

‘அவர்கள்’ சுவருக்கு வந்தாள். தொப்பி வைத்த துரைகள் வரிசையாக இருந்தார்கள். அவர்களுக்கு நடுவே அரியாங்குப்பத்து அமலோற்பவத்தை மாட்ட மனம் வரவில்லை. கஞ்சிக்கு வழியில்லாமல் பட்டாளத்தில் சேர்ந்த மனுஷன். முகத்தைப் பார்த்தால் அவளுடைய சித்தப்பா மாதிரியே இருந்தது.

கதவை ஒட்டி மாட்டலாம் என்றால் அங்கே தலைப்பே இல்லை. தலைப்பில்லாத இடத்தில் மாட்டினால் அவர் யாருடைய ஆள்?

சுவர் பிரிக்கும்போது எவ்வளவு சுலபமாக இருந்தது.

செலின் சுத்தியலோடு காத்திருந்தாள். நாளை அவரவர் வீட்டுப் படத்தின் கீழே நின்று அவரவர்தான் விளக்கம் சொல்ல வேண்டும். ‘அவர்கள்’ சுவரில் நிற்க இதுவரை ஒரு பிள்ளையும் இல்லை.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, தான் எங்கே நிற்பது என்று செலின் கேட்டாள். குறைப்பட்டுக் கேட்கவில்லை. இடம் தெரிந்தால் போதும் என்பதுபோல் கேட்டாள்.

டீச்சர் அவளைத் தன் பக்கத்தில் நின்றுகொள்ளச் சொன்னாள்.

செலினின் முகம் தெளிந்தது. இரண்டு சுவர்களையும் ஒருமுறை பார்த்தாள்.

“நீங்க எந்தப் பக்கம் நிப்பீங்க மிஸ்?”