அக்ராய்ட் அம்மாளின் பெஞ்சு

பெஞ்சைக் கழற்ற வந்தவர்கள் கடப்பாரையோடு நின்றார்கள். பெஞ்சில் அக்ராய்ட் அம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

தேவாலயத்தின் மற்ற பெஞ்சுகளெல்லாம் காலையிலேயே லாரி ஏறிவிட்டன. இது ஒன்றுதான் பாக்கி. இன்று இதை எடுத்தால்தான் நாளை தளம் போடுகிறவர்கள் வருவார்கள். அவர்களைத் தவறவிட்டால் அப்புறம் அடுத்த வருஷம்தான்.

பெவர்லிக்குக் கால் கடுத்தது. கால் மட்டுமில்லை, எல்லாமே கடுத்தது.

குருவானவருக்கு யார்க்‌ஷயரின் இந்தப் பள்ளத்தாக்கில் மட்டும் ஆறு கோயில்கள். இந்தப் பக்கம் அவர் தலைகாட்டுவதே அபூர்வம் என்பதால், மேட்டுமேல் இருக்கும் இந்தப் பழைய கோயிலின் பாரம் முழுவதும் அதன் கணக்கைப் பார்க்கும் பெவர்லி தலையில் விழுந்தது.

ஞாயிறு ஆராதனைக்கு ஒரு கை விரலில் எண்ணும் அளவுக்குத்தான் ஆள் வருகிறது. மற்ற நாளில் கட்டடம் சும்மாதான் கிடக்கிறது. ஒரு சமையலறை, ஒரு கழிப்பறை, நாலு சோபா போட்டால் ஊருக்கே பொதுவான கூடமாகிவிடும். வீட்டில் ஹீட்டர் போட வழியில்லாதவர்கள் பகலெல்லாம் வந்து உட்காரட்டும், சூடாக ஒரு சூப் குடித்துவிட்டுப் போகட்டும். அவள் ஆசைப்பட்டது இவ்வளவுதான். அதற்குள் கூட்டத்துக்கு மேல் கூட்டம் போட்டே பாதி உயிர் போய்விட்டது.

ஒவ்வொரு கூட்டத்திலும் முதலில் எழுந்தவள் அக்ராய்ட் அம்மாள்தான்.

"நம்ம ஊர்ல குளிர்ல விறைச்சுக் கிடக்கறது யாரு? ஒரே ஒரு ஆளைக் காட்டு பாப்போம்!"

பெவர்லியால் ஒரு பெயரும் சொல்ல முடியவில்லை. வீட்டில் காசில்லை என்பதை இந்த ஊரில் எவரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

எல்லாரும் ஒருவழியாகச் சம்மதித்த பிறகும் கிழவி அசையவில்லை. அது அவள் புருஷன் வீட்டாரின் பெஞ்சு. ஓரத்தில் 'அக்ராய்ட்' என்று பித்தளைத் தகடு இருக்கிறது. தகட்டைக் கழற்றி மரியாதையாகச் சுவரில் பதித்துவிடலாம் என்று பெவர்லி கெஞ்சிப் பார்த்தாள்.

"தகடு சுவத்துல இருந்தா நானும் போய் சுவத்துலயா உக்காருவேன்?"

அதற்கு ஊர் சிரித்தது. கூடவே கையெடுத்தும் கும்பிட்டது. ஈரத்தில் ஆர்கன் வாத்தியம் கெட்டுவிடக் கூடாது என்று குளிர்காலத்தில் கட்டடத்தைச் சூடாக்கும் பாய்லரை மெல்ல எரியவிட்டு, கதவைத் திறந்து வைப்பார்கள். அந்த மாதங்களில் அக்ராய்ட் அம்மாள் தினமும் வந்துவிடுவாள். இதே பெஞ்சில், இதே ஓரத்தில், இருட்டும் வரை ஜெபம். குருவானவர் பிரசங்கத்திலேயே அவளை மெச்சியிருக்கிறார்.

இன்றும் கண்ணை மூடித்தான் இருந்தாள்.

பெவர்லி வாதாடவில்லை. வாதாடத் தெம்பில்லை. வேலையாட்களின் தலைவன் டீனிடம், கொஞ்சம் பொறு என்று சைகை காட்டினாள். இந்தக் கோயிலில் கழிப்பறை கிடையாது. கட்டின காலத்திலிருந்தே கிடையாது. எப்பேர்ப்பட்ட பக்தையும் ஒருநேரம் எழுந்து வீட்டுக்குப் போய்த்தான் வரவேண்டும்.

கடைசியில் அக்ராய்ட் அம்மாள் தடியை ஊன்றி எழுந்தாள். "எவனாவது கை வெச்சீங்க, பாத்துக்கோங்க!" என்று சொல்லிவிட்டு, துணிப்பையையும் விட்டுவிட்டு, அவசரமாகச் சரிவில் இறங்கிப் போனாள்.

"அக்கா, இப்பத் தூக்கிரட்டுமா?" என்றான் டீன்.

"ஒரு நிமிஷம்ப்பா. கால் வலி தாங்கல."

கோயிலில் உட்கார வேறு இடமில்லை. பெவர்லி கிழவியின் இடத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

சற்று நேரத்தில் கையுறையைக் கழற்றினாள். பிறகு கழுத்துத் துண்டையும் அவிழ்த்தாள். அதன் பிறகுதான் கீழே குனிந்து பார்த்தாள்.

பாய்லரிலிருந்து வரும் குழாய் தரையில் நுழைவது அங்கேதான். இரும்புக் கம்பித் தட்டு வழியாக அனல் மேலே வந்துகொண்டிருந்தது. நாலு பெஞ்சு தள்ளிப் போனால் அதே குழாய் சில்லிட்டுக் கிடக்கும். இத்தனை வருஷம் கணக்கு வழக்கு பார்த்தவளுக்கு இது தெரியாமல் போயிற்று.

முழங்கால் போடும் மெத்தையை நகர்த்தினாள். அடியில், அனல் படும் இடத்தில், ஒரு ஜோடி கம்பளிக் காலுறைகள் காயப்போட்டிருந்தன. குதிகாலில் வேறு நிற நூலால் தைத்திருந்தது.

கோடையில் அக்ராய்ட் அம்மாள் ஒரு வார நாளில்கூட ஜெபிக்க வந்ததில்லை என்பது அப்போதுதான் பெவர்லிக்கு உறைத்தது.

காலுறைகளை மடித்துத் துணிப்பையில் பிளாஸ்க்குக்கு அடியில் வைத்தாள். "தூக்குப்பா" என்றாள்.

அக்ராய்ட் அம்மாள் மூச்சு வாங்கத் திரும்பி வந்தபோது பெஞ்சு இருந்த இடம் வெறும் தரையாக இருந்தது. வாசலிலேயே நின்றுவிட்டாள். திட்டுவாள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவள் திட்டவில்லை. அதுதான் பெவர்லிக்குத் தாங்கவில்லை.

பெவர்லி துணிப்பையை எடுத்துக்கொண்டு கிழவியின் அருகில் போனாள்.

"அம்மா, நாளையிலேர்ந்து இந்தப் பசங்களுக்கு டீ போட ஆளில்ல. பின்னறையில ஹீட்டர் எரிஞ்சுக்கிட்டே இருக்கும், யாராவது கூடவே இருந்து பாத்துக்கணும். காலையில திறந்து சாயங்காலம் பூட்டணும். எனக்கு முடியல."

கிழவி பையை வாங்கினாள். வெளியிலிருந்தே அதன் அடிப்பக்கத்தைத் தடவினாள். பெவர்லி முகத்தை ஒருமுறை நேராகப் பார்த்தாள்.

"உனக்கு எதுதான் முடிஞ்சுது?" என்று சொல்லி, சாவிக்குக் கையை நீட்டினாள்.