வேறொருவர் வெட்டிய முடி

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், ஒரு சின்ன சலூனுக்குள் ஏப்ரல் மாதக் காலை வெயில் சாய்ந்து விழுகிறது. நாற்காலியில் வெர்ன் உட்கார்ந்திருக்கிறார். பின்னால் கத்தரியோடு நிற்கும் லோவல் டிவியையே பார்க்கிறார். பதினோரு வருடம் இந்த ஊர்க் கல்லூரியின் கூடைப்பந்து அணிக்குப் பயிற்சியாளராக இருந்த ஹாலிஸ், போன வாரம் பெரிய பல்கலைக்கழகம் ஒன்றுக்குப் போய்விட்டார். இப்போது டிவியில், சிவப்பு டை கட்டி அங்கே மேடையில் நிற்கிறார். அரங்கமே எழுந்து கைதட்டுகிறது. "உங்கள மாதிரி ரசிகர்கள நான் எங்கயும் பார்த்ததில்ல" என்கிறார். "நம்மகிட்டயும் இதையேதானப்பா சொன்னான்" என்று வெர்ன் சிரிக்கிறார். "கோப்பை எங்க, கோப்பை எங்கன்னு நச்சரிச்சோம், ஓடிட்டான்." ஹாலிஸ் திரும்பும்போது பிடரி தெரிகிறது. இரண்டு வாரத்துக்கொரு முறை லோவலின் கைக்குக் கீழே குனிந்த பிடரி அது. அங்கிருக்கும் சுழியை மறைக்க லோவல் எப்போதும் கொஞ்சம் முடி விட்டுவைப்பார். யாரோ அதை ஒட்ட வெட்டியிருக்கிறார்கள். "என்னய்யா, அப்படியே நின்னுட்ட?" என்கிறார் வெர்ன். "நல்லா வெட்டியிருக்கான்" என்கிறார் லோவல். "யாரு?" லோவல் ரிமோட்டை எடுத்துக் கைதட்டல் சத்தத்தைக் குறைக்கிறார். படத்தை அணைக்க மனம் வரவில்லை.