கை படாமல்

தூண்டில் ரீல் கத்தியது.

படகோட்டி பிரிட்டோவின் கை தானாக நூலுக்கு நீண்டது.

"தம்பி! தொட்டீங்கன்னா கடல்ல தள்ளிருவேன்!"

நூலுக்கும் அவன் விரலுக்கும் நடுவே ஒரு பீடி நுழையும். அவ்வளவுதான் இடைவெளி. சட்டென்று இழுத்துக்கொண்டான். அந்தக் கைகளை நம்ப முடியாமல் இரண்டையும் தொடைக்கு அடியில் திணித்து அவற்றின் மேலேயே உட்கார்ந்தான்.

பாவம், அவனைச் சொல்லிக் குற்றமில்லை. பிறந்ததிலிருந்து கைத்தூண்டில். மீன் மாட்டினால் படகில் இருக்கிற எல்லாரும் நூலைப் பிடித்து இழுக்க வேண்டும், சும்மா இருந்தால் திட்டு விழும். இப்போது வெளியூர்க்காரர்களைப் படகில் ஏற்றிப் பெரிய மீன் நிற்கிற இடம் காட்டும் வேலை. இவர்களுடைய தூண்டில் விளையாட்டில் இன்னொருவர் கை நூலில் பட்டால், அந்த மீன் பிடித்தவருக்குச் சேராது. பிடித்ததையும் திரும்பக் கடலில் விட்டுவிட வேண்டும்.

"விடுறதுக்கா பிடிக்கிறாக? அதுக்கு டீசல் வேறயா?" என்று கேட்ட அவன் மனைவிக்கு இன்னும் சிரிப்பு அடங்கவில்லை.

இன்று வந்திருப்பவள் கரூர்க்காரி. விபத்தில் வலது மணிக்கட்டு நொறுங்கித் தகடு வைத்திருக்கிறார்கள். எலும்பு கூடிவிட்டது. பிடி மட்டும் திரும்பவில்லை. வீட்டில் சோற்றைப் பிசைந்து ஊட்டுகிறார்களாம். செருப்பைக்கூட அவர்களே மாட்டிவிடுகிறார்களாம்.

"பாசத்தாலயே என்னை முடமாக்கிருவாங்க போல தம்பி," என்று படகில் ஏறும்போதே சொன்னாள். "நான் அழுதாலும் சரி, கத்தினாலும் சரி. நூலைத் தொடக் கூடாது."

காலையில் அவன் ரீலின் கைப்பிடியைக் கழற்றி மறுபக்கம் மாட்டிக் கொடுத்தான். இடது கை தூண்டில் ராடைத் தாங்கட்டும், வலது கை சும்மா சுற்றினால் போதும் என்று. உடனே திரும்ப மாற்றச் சொன்னாள். ராடு வலது கையில்தான் இருக்க வேண்டுமாம்.

தண்ணீர் பாட்டிலையும் விடவில்லை. மூடியோடு மல்லுக்கட்டினாள். திறக்கவில்லை. அவன் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, தாகமே இல்லாதவள் போலக் கீழே வைத்துவிட்டாள்.

வீம்பு பிடித்தவள். அவனுக்கு அது பிடித்திருந்தது.

இப்போது ராடு வளைந்து தண்ணீரைத் தொட்டது. பாறை மீன். எப்படியும் பதினைந்து கிலோ இருக்கும்.

"அக்கா, கல்லுப் பக்கம் போகுது! நுனியைத் தூக்குங்க, நுனியை!"

கல்லில் உரசினால் நூல் அறுந்துவிடும். அவன் எழுந்து கழையை எடுத்தான். இடுப்பளவு ஆழம்தான். ஊன்றித் தள்ளிப் படகை வளைத்தான். நல்லவேளை, கழையைத் தொடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

மீன் திசை மாறியது. ஆனால் இழுப்பு குறையவில்லை.

அவளுடைய வலது கையிலிருந்து ராடு நழுவத் தொடங்கியது.

"முடியல. பிரிட்டோ, பிடிங்க!"

அவன் கழையை இறுக்கிப் பிடித்தான்.

"பிடிங்கன்னு சொல்றேனே! காது கேக்கலையா? படுபாவி!"

அவனுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. ஒருத்தி கதறும்போது மரம் மாதிரி நிற்பதெல்லாம் ஒரு பிழைப்பா? மீன் போய்விட்டால் இவள் ஊருக்குப் போய் மறுபடி செருப்புக்குக் காலை நீட்டுவாள்.

அவன் தொட்டாலும் அதேதான்.

தொடவில்லை.

திட்டித் தீர்த்தாள். பிறகு திட்டவும் மூச்சில்லை. ராடின் அடியை வயிற்றில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு சுற்று சுற்றினாள்.

இன்னொரு சுற்று.

மீன் பக்கவாட்டில் சாய்ந்து, வெள்ளையாக, மேலே வந்தது.

மணல்திட்டு ஓரம் முழங்கால் தண்ணீரில் இருவரும் இறங்கினார்கள். அவன் குறடால் கொக்கியை எடுத்தான்.

"வாலடியைப் பிடிங்கக்கா. முகம் நீரோட்டத்தைப் பாக்கணும். தெம்பு வந்ததும் அதுவே போயிரும்."

"எந்தக் கையால?"

அவன் குறடைப் படகுக்குள் போட்டான்.

வலது கையால் பிடித்தாள். வாலடியில் அரம் மாதிரி முள். உள்ளங்கையில் குத்தியது.

மீன் அசையவில்லை.

"செத்துருச்சா தம்பி?"

"இல்லக்கா. களைச்சுப் போச்சு."

அவள் குனிந்து மீனிடமே பேசினாள்.

"போ சாமி. உன்னைக் கெஞ்சிக் கேக்குறேன். போயிரு."

செவுள் திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது.

வால் ஒரு உதறு உதறியது. தண்ணீர் அவன் முகத்தில் அடித்தது.

மீன் போகவில்லை.

மறுபடி உதறியது. அப்போதும் போகவில்லை. அவன் குனிந்து பார்த்தான்.

"அக்கா, விடுங்க."

மீன் இன்னும் பலமாக உதறியது.

"விடுங்கக்கா! அது போகணும்!"

அவள் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து விரலும் வாலைக் கவ்விப் பிடித்திருந்தன.

"நான்தான் பிடிச்சிருக்கனா?" என்றாள்.

ஒவ்வொரு விரலாகத் திறந்தாள். மணல் கலங்கியது. தெளிந்தபோது மீன் இல்லை.

அவள் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாள். அழுதாள். உள்ளங்கையில் முள் பதிந்த இடம் சிவந்திருந்தது. அதை அவனுக்கும் காட்டினாள்.

"தாகமா இருக்கு தம்பி."

படகிலிருந்து பாட்டிலை எடுத்தான். காலையில் வைத்தபடியே இருந்தது.

அவன் கை தானாக மூடிக்குப் போனது.

கையை எடுத்துவிட்டான். பாட்டிலை அப்படியே நீட்டினான்.

அவள் பாட்டிலைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"படுபாவி," என்று சிரித்தபடி வாங்கி, மூடியில் வலது கையை வைத்தாள்.