கப்பலின் மூக்கு

"பொண்ணு லட்சணமாத்தான் இருக்கா. மூக்குதான் கொஞ்சம் பெரிசு" என்றார் ஜவுளிக்கடை முதலாளி, நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு.

பெண் வாய் திறக்கவில்லை. மரத்தில் செய்த பெண் எங்கே பேசுவாள்? பாறையில் மோதி உடைந்த ஏதோ ஒரு பாய்மரக் கப்பலின் முகப்பில் அலையைப் பார்த்து நின்ற சிலையாம். இப்போது பழஞ்சாமான் கடைச் சுவரில் சாய்ந்து நின்றது.

"கப்பலுக்கே மூக்கா இருந்தவ சார். சின்ன மூக்கை வச்சுக்கிட்டு கடலைக் கிழிக்க முடியுமா?" என்றார் கடைக்காரர்.

தேநீர் கொண்டுவந்த அவர் மனைவி, கைக்குட்டையால் பாதி முகத்தைப் பொத்தியிருந்தாள். "ஜலதோஷம்" என்று அவளுக்காகக் கடைக்காரரே சொன்னார்.

முதலாளிக்குச் சிலைமேல் இருந்த ஆசையைவிட மச்சான்மேல் இருந்த கோபம் பெரிது. போன வருஷம் பழைய கப்பல் கடிகாரம் என்று அவர் வாங்கி வந்ததைத் திருப்பி, அடியில் ஒட்டியிருந்த புதுச் சீட்டை உரக்கப் படித்தவன் அவன்தான். அன்றிலிருந்து சாப்பிட உட்கார்ந்தாலே, "மாமா, இப்ப மணி என்ன?" என்பான். வீடே சிரிக்கும்.

இன்னொரு தடவை ஏமாந்தால் சோற்றைத் தனியறையில்தான் தின்ன வேண்டும்.

பூதக்கண்ணாடியை எடுத்தார். புழு அரித்த துளைகள், துருவேறிய ஆணி, உப்புப் பூத்த வெடிப்பு. அசலேதான். மனசு துள்ளியது, முகத்தை மட்டும் சுளித்துக்கொண்டார். முப்பது வருஷம் துணி பேரம் பேசிய முகம் அது.

"சரக்கு பரவாயில்ல. ஆனா கிளி மூக்கு. வீட்டுல வச்சா பிள்ளைங்க தூங்காது. மூக்குக்குன்னு பாதி விலையக் கழிச்சுக்கங்க."

ணங்கென்று தட்டு மேசைமேல் விழுந்தது. மனைவி விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். விலை இறங்கினால் வீட்டுக்காரிக்குத்தான் முதலில் வலிக்கும் என்று முதலாளி கணக்குப் போட்டார்.

கடைக்காரர் உள்ளறைப் பக்கம் கலவரத்தோடு பார்த்தார். "மெதுவா சார். பாதி விலைக்கே எடுத்துக்கங்க. மூக்கைப் பத்தி மட்டும் இனிமே ஒரு வார்த்தை பேசாதீங்க."

இவ்வளவு சுலபத்தில் படிந்த வியாபாரியை முதலாளி கண்டதே இல்லை. சிலையைத் துணி சுற்றி வண்டியில் ஏற்றினார். மச்சான் முகம் போகிற போக்கை நினைத்துச் சிரித்தபடி, மறந்துவிட்ட பூதக்கண்ணாடிக்காகத் திரும்பி வந்தார்.

வாசலில் கால் வைத்தபோது உள்ளேயிருந்து மனைவியின் குரல் கேட்டது. ஜலதோஷத்தின் சாயலே இல்லாத, கணீரென்ற குரல்.

"அடுத்த பொம்மைய உங்க அக்கா மூக்கைப் பாத்துச் செதுக்குங்க, கண்டவனும் என் மூக்கைப் பேரம் பேசினது போதும்."