சலவைக்கூடத்தில் மணி என்ன?

"என் ஈரத்துணியை மெஷின்லேருந்து எடுத்து வெளியே போட்டது யாரு?"

குன்வோர் போட்ட சத்தம் நான்காம் மாடிவரை கேட்டது. நாங்கள் எல்லோரும் கீழ்த்தளத்துச் சலவைக்கூடத்துக்கு ஓடினோம். கோத்தன்பர்க் நகரத்தில், எங்கள் கட்டடத்தில் இதைவிடப் பெரிய குற்றம் கிடையாது.

மைக்கென் தன் படுக்கை விரிப்புகளை அணைத்துக்கொண்டு இயந்திரத்தின் முன்னால் நின்றாள்.

"நான்தான் எடுத்தேன். மணி பன்னிரண்டு ஆச்சு, உன் முறை முடிஞ்சு போச்சு. முறை குறிக்கிற பலகையைப் பாரு. பன்னிரண்டு மணிக் கொக்கியில என் பூட்டுதானே தொங்குது?"

"பன்னிரண்டா? நான் இன்னும் காலைக் காப்பியே குடிக்கலைம்மா! என் கைக்கடிகாரத்துல மணி பத்து."

"என்னுதுல ஒன்பது. மாத்த மறந்துட்டேன். அதனால என்ன? சுவர்க் கடிகாரம் சொல்றதுதானே கணக்கு?"

அது உண்மைதான். சலவைக்கூடத்துச் சண்டைகள் எல்லாம் அந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் தீரும். ஆனால் அன்று கோடை நேரம் தொடங்கும் ஞாயிறு. எல்லாக் கடிகாரங்களையும் ஒரு மணி முன்னால் தள்ளிவைக்க வேண்டிய நாள்.

குன்வோர் சுவரைப் பார்த்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அதைக் கழற்றி உதறி, காதில் வைத்துக் கேட்டாள்.

"ஓடுது... ஆனா சுவர்க் கடிகாரமும் தப்பா இருக்காதே!"

"அதானே, தப்பா இருக்க வழியே இல்லை" என்றாள் மைக்கென்.

சண்டை போடுகிற இரண்டு பேருக்கும் அதில் மட்டும் எப்படி ஒரே கருத்து என்று எங்களுக்கு விளங்கவில்லை.

கட்டடச் சங்கச் செயலாளர் தூர்க்கெல் பாதி கடித்த ஏலக்காய் ரொட்டியோடு இறங்கி வந்தார்.

"என்ன கூச்சல்? ரேடியோவில இப்பதான் பத்து மணிச் செய்தி சொன்னான்." நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். ரொட்டி வாயருகே நின்றது. "பன்னிரண்டா! ரெண்டு மணி கூடவா? இது சிக்ஸ்டன் பண்ணின வேலை. நேத்து சாயங்காலம் புது நேரம் சரியா காட்டிச்சு, நான் பார்த்தேன். அப்புறமும் முள்ளைத் திருகியிருக்கார். மனுஷனுக்கு ஞாபகம் போயிடுச்சு. கூடத்துச் சாவியை வேற ஆள்கிட்ட கொடுங்கன்னு நான் கூட்டத்துலயே சொன்னேன், யாராவது கேட்டீங்களா?"

சாவி போனால் அறையும் போகும். கூடத்தைப் பார்த்துக்கொள்வதற்காகத்தான் சிக்ஸ்டனுக்குப் பக்கத்து அறையை வாடகையில்லாமல் கொடுத்திருந்தோம். போன இலையுதிர்காலத்தில், இதே கடிகாரத்தைத் திருப்ப ஸ்டூலில் ஏறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அன்றிலிருந்து கைத்தடிதான்.

அந்த அறைக் கதவு திறந்தது. ஒரு கையில் கைத்தடி, மறு கையில் சாவி.

"எல்லாம் காதுல விழுந்துச்சு" என்றார் சிக்ஸ்டன். "தூர்க்கெல் சொல்றது சரிதான் போல. காலையில மாத்தலாம்னு வந்தேன். பார்த்தா, முள்ளு எங்கேயோ போய் நிக்குது. நான்தான் மாத்திட்டு மறந்துட்டேனோன்னு அப்பலேருந்து உக்காந்து யோசிக்கிறேன். ஒண்ணும் ஞாபகம் வரலை. எங்க அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது."

சாவியை இயந்திரத்தின்மேல் வைத்தார்.

"ஐயோ, எடுங்க அதை!" என்று குன்வோர் பதறினாள். "நீங்க ஒண்ணும் மறக்கலை. அது நான். நேத்து இருட்டினதும் வந்து முள்ளை ஒரு சுத்து சுத்திட்டுப் போனேன். நீங்க மறுபடி ஸ்டூல்ல ஏறக் கூடாதேன்னுதான். யாராவது பார்த்துடுவாங்கன்னு விளக்குகூடப் போடலை."

மைக்கெனின் விரிப்புகள் தரையில் சரிந்தன.

"நீயுமா? நானும்தான்டி சுத்தினேன்! கண்ணாடிகூடப் போட்டுக்காம ஓடி வந்தேன். மணி என்னன்னு யாரு பார்த்தா? ஒரே சுத்து, இறங்கி ஓட்டம். அந்த அறிவிப்பு வேற பயமுறுத்துதே!"

கடிகாரத்துக்குக் கீழே அறிவிப்பு இருந்தது. 'பொறுப்பாளரைத் தவிர வேறு யாரும் கடிகாரத்தைத் தொடக் கூடாது.' அடியில் தூர்க்கெலின் கையெழுத்து.

யாரோ சிரித்தார்கள். எல்லோரும் சிரித்தோம். சிக்ஸ்டன் முகத்திலும் சிரிப்பு வந்தது. சாவியை எடுக்கக் கை நீட்டியவர், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"இருங்க. ஒரு சுத்து சுத்தினா சரியா இருக்கணும். ரெண்டு பேரு சுத்தினா ஒரு மணி கூட இருக்கணும். இது ரெண்டு மணி கூட இருக்கே?"

சிக்ஸ்டன் மறுபடி நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அப்போ இன்னொரு சுத்து யாரோ சுத்தியிருக்கணும்." அவர் குரல் இறங்கிப்போனது. "அது நான்தான்."

கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

தூர்க்கெல் தான் எழுதிய அறிவிப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். காது சிவந்துவிட்டது. மிச்ச ரொட்டியைச் சட்டைப் பையில் திணித்தார். இயந்திரத்தின்மேல் இருந்த சாவியை எடுத்துச் சிக்ஸ்டனின் கையில் வைத்து, விரல்களை மூடினார்.

"அது நீங்க இல்லை. நான் சரியா வச்சதை நீங்க கெடுத்துட்டீங்கன்னு நினைச்சேன்" என்றார். "ஊரெல்லாம் பழைய நேரத்துல இருந்தப்போ, இங்க மட்டும் நேத்து சாயங்காலமே புது நேரம் இருந்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்? முதல் சுத்து சுத்தினதே நான்தானே!"