குருவி பார்த்த திசை

"காபி எங்க போயிடப்போகுது, சம்பந்தி. முதல்ல அந்தத் துப்பாக்கியைக் காட்டுங்க" என்றார் வந்தவர், செருப்பைக் கழற்றும்போதே.

பெண்ணைக் கொடுத்த வீட்டுக்கு வந்து, பெண் எப்படி இருக்கிறாள் என்றுகூடக் கேட்காமல் துப்பாக்கியைக் கேட்கிற மனுஷர் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார். மகள் சமையலறை வாசலில் நின்று முறைத்தாள். அதையெல்லாம் கவனிக்கிற நிலையில் அவர் இல்லை.

அவர் ஒரு புத்தகம் எழுதியவர். பழைய துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்களுக்கான கையேடு. எந்தப் பட்டறை எந்த முத்திரையைக் குத்தியது, எது அசல், எது போலி, எல்லாம் படத்தோடு இருக்கும். சேகரிப்பவர்களுக்கு அது வேதவாக்கு. துப்பாக்கியும் புத்தகமும் ஒத்துப்போகவில்லை என்றால் துப்பாக்கியைத்தான் சந்தேகப்படுவார்கள்.

அந்தப் புத்தகத்தில்தான் இப்போது ஒரு தப்பு அகப்பட்டிருந்தது. இரண்டாம் பதிப்புக்காகப் பழைய படங்களைப் புரட்டியபோது அவரே கண்டுபிடித்தார். குருவி முத்திரைப் பட்டறையின் படத்தை அச்சகத்தில் இடம் வலமாகத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். அசலில் குருவி இடப்பக்கம் பார்க்கும். புத்தகத்தில் வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. அச்சகத்தைத் திட்டி என்ன பிரயோசனம்? சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவர் இவர்தானே. வெட்கத்தில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. யாரிடமும் மூச்சு விடவும் இல்லை.

சம்பந்தி வீட்டில் இருந்ததோ அதே குருவிப் பட்டறைக் கைத்துப்பாக்கி. சம்பந்தியின் தாத்தா ஆசை ஆசையாக வாங்கியது. அதை அருங்காட்சியகத்துக்குத் தருவதாக மாப்பிள்ளை வாக்குக் கொடுத்துவிட்டார். தாத்தா பெயரைப் போட்டுக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்களாம். நாளைக்கு அருங்காட்சியக அதிகாரி வந்து பார்க்கப்போகிறார். அந்தம்மா கையில் இந்தப் புத்தகம்தான் இருக்கும். இவருடைய புத்தகத்தை நம்பி அந்தம்மா நல்ல துப்பாக்கியைப் போலி என்று சொல்லிவிட்டால், போவது மகள் வாழ்கிற வீட்டின் மானம். அதனால்தான் இந்த ஓட்டம். குருவி இடப்பக்கம் பார்ப்பதை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டு, தப்பை ஒத்துக்கொண்டு, அதிகாரிக்கும் சொல்லிவிடுவது என்று முடிவுகட்டி வந்திருந்தார்.

நாளைக்குத்தான் எல்லோரும் பார்க்கப்போகிறோமே என்று சம்பந்தி இழுத்தார். இதற்கு முன்னால் கேட்டபோதெல்லாம் பீரோ சாவி கிடைக்கவில்லை என்று சொன்ன மனுஷர். இன்று சாவி கிடைத்தது. பழைய சால்வையில் சுற்றியிருந்த துப்பாக்கியை மேஜைமேல் வைத்தார்.

"உங்க புத்தகத்துல இருக்கிற மாதிரியேதான் இருக்கு, பாத்துக்கங்க."

பூதக்கண்ணாடியை வைத்துக் குனிந்தவருக்குப் பகீரென்றது. குருவி வலப்பக்கம் பார்த்தது.

அப்படியென்றால் போலி. தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்குப் போனார். மகள் அப்பாவின் முகத்தைப் பார்த்தே பாதியைப் புரிந்துகொண்டாள்.

"எதுவா இருந்தாலும் மாமாகிட்ட சொல்லிடாதீங்கப்பா. தாத்தான்னா உயிரை விடுறவரு" என்று கிசுகிசுத்தாள்.

சொல்லாமலிருக்க ஒரு வழியும் இருந்தது. இரண்டாம் பதிப்பிலும் அந்தப் படத்தை அப்படியே விட்டுவிட்டால் போதும். புத்தகமும் துப்பாக்கியும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லிக்கொண்டு கிடக்கும். அவருடைய பெயரும் பிழைக்கும், சம்பந்தி வீட்டு மானமும் பிழைக்கும். கையில் தம்ளரை வைத்துக்கொண்டு அதைத்தான் யோசித்தார். யோசித்த அந்தக் கணமே கூனிக்குறுகிப் போனார். அவரை நம்பிப் புத்தகம் வாங்கினவர்கள் எத்தனை பேர்.

திரும்பி வந்து உட்கார்ந்தார். தலையை நிமிர்த்தாமலே எல்லாவற்றையும் சொன்னார். படம் திரும்பிப்போனது, தான் கவனிக்காமல் விட்டது, வெட்கத்தில் ஒரு வாரமாக வாயை மூடிக்கொண்டிருந்தது. சம்பந்தி அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப, அசல்ல குருவி எந்தப் பக்கம் பாக்கும்?"

"இடப்பக்கம்."

"நிச்சயமாத் தெரியுமா?"

"நிச்சயமா. என்னை மன்னிச்சிடுங்க சம்பந்தி, இது போலி. அந்தக் காலத்துலயே இப்படி ஏமாத்தியிருக்காங்க. அசல் முத்திரையைப் பாத்து அப்படியே அச்சு வெட்டிடுவாங்க. துப்பாக்கியில அடிக்கும்போது முகம் மாறிப்போயிடும். தாத்தாவை யாரோ நல்லா ஏமாத்திட்டாங்க. அவர் மேல ஒரு தப்பும் இல்ல."

சம்பந்தி துப்பாக்கியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கட்டைவிரலால் குருவியைத் தடவினார். கோபத்தில் கத்தப்போகிறார் என்று இவர் எதிர்பார்த்தார். கத்தியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவருடைய முகம் இவருடைய முகத்தைவிட அதிகமாகக் குன்றிப் போயிருந்தது.

"தாத்தா ஏமாறல, சம்பந்தி" என்றார் மெதுவாக. "அவர் வாங்கினப்ப குருவி இடப்பக்கம்தான் பாத்துச்சு. உங்க புத்தகத்தைப் பாத்துட்டு, ஐயோ, தாத்தா போலியை வாங்கி ஏமாந்துட்டாரேன்னு கூசிப்போய், நான்தான் அதை அரத்தால ராவிட்டு, உங்க படத்துல இருக்கிற மாதிரி புதுசா அடிக்க வெச்சேன்."