சுவரைத் தட்டுகிறவள்

“எனக்கு வியாதியெல்லாம் இல்ல டாக்டரம்மா. பக்கத்து ரூம் பொம்பளைதான் என் வியாதி,” என்றான் எபோ.

கானா நாட்டில் தக்கோராடிக்கும் கேப் கோஸ்டுக்கும் நடுவே வேன் ஓட்டுகிறவன். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண்ணயர்ந்து, வண்டியைச் சாக்கடையில் இறக்கிவிட்டான். இது சரியாகும்வரை சாவியைத் தொடக்கூடாது என்று முதலாளி சொல்லிவிட்டார்.

“அந்தம்மா என்ன பண்றாங்க?”

“எஃபுவான்னு பேரு, மீன் வறுத்து விக்கிறவங்க. என் குறட்டை அவங்களுக்கு ஆகாது. ‘உன் தொண்டையில லாரி ஓடுது’ன்னு குழாயடியில எல்லார் முன்னாடியும் கிண்டல் பண்ணுவாங்க. ராத்திரியானா சுவரைப் போட்டு இடிப்பாங்க. திடுக்குன்னு எழுந்து உக்காருவேன். கண்ணை மூடினா மறுபடியும் இடி. பகல்ல தூக்கம் வராம என்ன செய்யும்?”

டாக்டர் அவனது தடித்த கழுத்தைப் பார்த்தார். தொண்டைக்குள் டார்ச் அடித்தார்.

“தூங்கும்போது உங்க தொண்டை அடைச்சுக்குதுன்னு நினைக்கிறேன். அதைச் சோதிக்க இங்க வசதி இல்ல. வைத்தியத்தையே சோதனையா வெச்சுக்கலாம். இந்த மெஷின் மூக்கு வழியா காத்தைத் தள்ளும். மாட்டிக்கிட்டுத் தூங்குங்க. பகல் தூக்கம் போயிடுச்சுன்னா, வியாதி இதுதான்.”

“சுவர் இடிக்கிறதை நிறுத்த ஒரு மெஷின் இருந்தா அதையும் குடுங்க.”

மாதம் முடிவதற்குள் ஆளே மாறிவிட்டான். வயிறு முட்டச் சாப்பிட்டாலும் கண் சொருகவில்லை. வியாதி அதுதான் என்று டாக்டர் உறுதியாகச் சொன்னார். முதலாளி சாவியைத் திருப்பிக் கொடுத்தார். சுவரிலும் இடி விழவே இல்லை.

முதல் நாள் ஓட்டம் முடிந்து திரும்பும்போது வழியில் பெரிய ரொட்டியாக ஒன்று வாங்கிவந்து எஃபுவாவிடம் நீட்டினான்.

“குறட்டை போயிடுச்சும்மா. இனிமே உங்களுக்கும் நிம்மதி. நடந்ததை மறந்துடுவோம்.”

எஃபுவா ரொட்டியை அழுத்திப் பார்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“குறட்டை என்னை என்ன பண்ணுச்சு? என் வீட்டுக்காரரும் அப்படித்தான் விடுவாரு. ஒரு ராத்திரி பாதியில நின்னுடுச்சு. அப்பாடா, இன்னைக்காவது தூங்கலாம்னு திரும்பிப் படுத்துட்டேன். விடிஞ்சு தொட்டா உடம்பு சில்லுன்னு கெடக்கு.”

எபோ அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“இப்ப உன் மெஷின் ராத்திரி முழுக்க மூச்சு விடுது, எனக்கும் பயமில்ல,” என்றாள் எஃபுவா. “நீ குறட்டை விட்டப்ப நான் ஒரு நாளும் சுவரைத் தொட்டதில்லப்பா. அது நின்னப்பதான் தட்டினேன்.”